லில்லியன் கிஷ்: ஊமைப் படமும் மெய்ப்பாடும்

முன்னுரை

'ஊமைப் படம்' என்னும் பெயர் ஒரு பொருளுக்கு அஃது உடையதைக் கொண்டு அமைந்த பெயர் அன்று. இல்லாததைக் கொண்டு அமைந்த பெயராகும். பேசும் படம் தோன்றிய பின்னரே அதற்கு முற்பட்ட படங்களைப் பிரித்துரைக்க இப்பெயர் வேண்டப்பட்டது. அவற்றைத் தம் காலத்தே கண்டவர்க்கு அவை படங்களே. ஊமைப் படங்கள் அல்ல. பின்வந்தோர் இட்ட பெயர் முன்னையோர் கலைக்கு ஒரு குறையை ஏற்றிவிட்டது.

அக்குறை உண்மையானதா என்பதே நாம் ஈண்டு ஆராயும் வினா. இதற்குக் கருவியாக ஒரு நடிகையாரின் வாழ்வையும் தொழிலையும் எடுத்துக்கொள்கின்றோம். அமெரிக்க நாட்டின் லில்லியன் கிஷ் அம்மையார் 1912 முதல் 1928 வரை பேசாப் படங்களில் நடித்தவர். பேசும் படங்களிலும் 1987 வரை நடித்தவர். இருவகைக் கலைக்கும் சான்றாக நிற்கும் அவரைப் பற்றி ஆராய்தல், சொல்லின்றி உள்ளம் புலப்படும் முறையை மெய்ப்பாட்டியல் வழியே பயிலும் தமிழ் மாணவர்க்குப் பெரிதும் பயன்படும் என்று கருதுகின்றோம்.

மெய்ப்பாடு என்னும் அளவுகோல்

உள்ளத்து நிகழும் உணர்ச்சி உடம்பின்வழிப் பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர்களால் விளங்குவது. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றற்கும் நந்நான்கு நிலைக்களன் கூறினார். அழுகைக்கு இழவும் வறுமையும் உள்ளிட்ட நான்கு, அச்சத்திற்கு விலங்கும் அணங்கும் உள்ளிட்ட நான்கு, இவ்வாறே பிறவும். இவ்வகுப்பு நாடக நூலார் கொள்கையோடு தொடர்புடையது என்பது பேராசிரியர் உரையால் அறியப்படும்.

இதனுள் இரண்டு கூறுகள் அடங்கியிருத்தலை நாம் கருத்தில் கொள்ளல் வேண்டும். ஒன்று, உடம்பில் தோன்றும் குறி. மற்றொன்று, அக்குறிக்குக் காரணமாகிய நிலைக்களன். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒத்துச் செல்வன. இழவு நேர்ந்துழிக் கண்ணீர் வரும். அணங்கு தோன்றியுழி உடல் நடுங்கும். இவை ஒவ்வாது முரணும் இடங்களும் உள. அவ்விடங்களிலேயே நடிப்பவரின் ஆற்றல் நன்கு வெளிப்படும். கிஷ் அம்மையாரின் சிறந்த காட்சிகள் இத்தகைய முரணில் பிறந்தவை என்பது நம் கருத்து.

தமிழ் இலக்கண நூலாரின் கருத்தை அமெரிக்கப் படத்தின்மேல் ஏற்றி, அது நம்மிடமிருந்து சென்றது எனக் கூறுதல் நம் நோக்கமன்று. அளவுகோல் ஓரிடத்தது ஆயினும் அளக்கப்படும் பொருள் பிறிதோரிடத்தது ஆகலாம்.

இளமையும் தொழிற் பயிற்சியும்

கிஷ் அம்மையார் 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாள் ஒகையோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் பிறந்தார். தங்கை டாரதி 1898-இல் பிறந்தார். தந்தை குடும்பத்தைப் பேணாது நீங்கினமையால், தாய் மேடையில் நடித்து மக்களைக் காக்க வேண்டியதாயிற்று. மக்கள் இருவரும் சிறு பருவத்திலேயே நாடகக் குழுக்களோடு ஊர்தொறும் சென்றனர். முறையான பள்ளிக் கல்வி அவர்கட்கு வாய்த்திலது.

இக்குழுக்களில் நடித்த நாளில் கிளாடிசு ஸ்மித் என்னும் சிறுமியோடு அவர்கட்கு நட்பு ஏற்பட்டது. பின்னாளில் மேரி பிக்பர்டு என்னும் பெயரால் உலகறிந்த நடிகையார் அச்சிறுமியே. 1912-இல் அவரைக் காணும் பொருட்டு உடன்பிறந்தார் இருவரும் நியூயார்க்கு நகரத்துப் பயோகிராப் படநிலையத்திற்குச் சென்றனர். ஆங்கு இயக்குநர் டேவிட் வார்க் கிரிபித் அவர்களைக் கண்டார். இருவரையும் வேறுபடுத்தி அறிதற்கு ஒருவர்க்கு நீலப் பட்டிழையும் மற்றவர்க்குச் சிவப்புப் பட்டிழையும் கட்டச் செய்து, நடிக்குமாறு பணித்தார். அச்சத்தின் குறி அவர்கள் முகத்தில் இயல்பாகத் தோன்றும்பொருட்டுத் துப்பாக்கியை மேல்நோக்கிச் சுட்டுக்கொண்டே துரத்தினார். இதனை அம்மையார் 1969-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளார். அவ்வாண்டே 'ஆன் அன்சீன் எனிமி' என்னும் குறும்படத்தில் இருவரும் நடித்தனர்.

பயோகிராப் நிலையம் அக்காலத்து நடிகர் பெயரை விளம்பரம் செய்வதில்லை. காண்போர் முகத்தை அறிந்தனர், பெயரை அறிந்திலர். கிரிபித்தோ படம் எடுக்குமுன் பன்முறை ஒத்திகை நடத்தும் வழக்கமுடையவர். நடிகர் தாமே செயல்களைக் கண்டுபிடித்துக் கூறவும் அவர் இடந்தந்தார். இவ்வொத்திகைக் களமே அம்மையார்க்குக் கல்லூரியாக அமைந்தது.

1913-இல் வெளிவந்த 'தி மதரிங் ஹார்ட்' என்னும் படத்தில் இப்பயிற்சியின் பயனைக் காணலாம். அதில் அவர் கணவனால் புறக்கணிக்கப்பட்ட இளந்தாய். குழந்தை இறக்கின்றது. அத்தாய் கதறவில்லை; தோட்டத்திற்குச் சென்று, ஒரு கோலை எடுத்துப் பூத்து நிற்கும் ரோசாச் செடிகளை அடித்து நொறுக்குகின்றாள். நிலைக்களன் இழவு, எனவே அழுகை தோன்றல் வேண்டும். உடம்பில் தோன்றுவதோ வெகுளி. காண்போன் வெகுளியைக் கண்டு அழுகையை உணர்கின்றான். அந்நாளில் அம்மையார்க்கு அகவை இருபதும் நிரம்பவில்லை.

படக் கருவியும் நடிப்பு முறையும்

நாடக மேடையில் நடிப்பவர், இறுதி வரிசையில் இருப்போனும் காணும்படி கையையும் உடலையும் விரித்து நடித்தல் வேண்டும். படக்கருவி முகத்தை அணுகிய பின்னர் அதற்குத் தேவை குறைந்தது. திரையில் பெரிதாகத் தோன்றும் முகத்தில் இமையின் சிறு அசைவும் செய்தியாயிற்று. அணுகிய நிலையிலிருந்து எடுக்கும் முறையைக் கதைப்போக்கிற்கு இயைய வளர்த்தவருள் கிரிபித்தும், அவருடைய ஒளிப்பதிவாளர் பில்லி பிட்சரும் குறிப்பிடத்தக்கவர்கள்.

அக்காலப் படச்சுருள் செந்நிறத்தைப் பற்றாது. சிவந்தவை திரையில் கருமையாகவே தோன்றும். எனவே முகத்தின் நிறவேறுபாடுகளைக் காட்டல் அரிது. கண், வாய், விரல் ஆகியவற்றின் அசைவே நடிப்பவர்க்குக் கிடைத்த எழுத்துகள். உரையாடலைக் குறிக்கும் எழுத்துப் பலகைகள் இடையிடையே காட்டப்பட்டன ஆயினும், அவை தோன்றும்போது முகம் மறைந்துவிடும். சொல்லும் மெய்ப்பாடும் ஒருங்கு நிகழாது, ஒன்று நீங்க ஒன்று வரும். ஆதலின் காட்சியின் பெரும்பாரத்தை உடம்பே தாங்கியது.

பொய்ந்நகை

1919-இல் கிரிபித் இயக்கிய 'புரோக்கன் பிளாசம்ஸ்' என்னும் படம், 'முறிந்த மலர்கள்' என்னும் பொருளது. தாமசு பர்க் எழுதிய கதையைத் தழுவியது. இலண்டன் மாநகரத்து லைம்ஹவுசு என்னும் ஏழ்மை மிக்க பகுதியில், குத்துச்சண்டைக்காரன் ஒருவனின் மகளாகிய லூசி வாழ்கின்றாள். தந்தை அவளைச் சவுக்கால் அடிக்கின்றான். சீனத்திலிருந்து வந்த கடைக்காரன் ஒருவன் அவள்மேல் இரக்கமும் அன்பும் கொள்கின்றான். பதினைந்து அகவைச் சிறுமியாக நடித்த அம்மையார்க்கு அப்போது அகவை இருபத்தைந்து. அச்சீனராக நடித்தவர் வெள்ளையராகிய ரிச்சர்டு பார்த்தெல்மசு. அக்காலப் படவுலகின் இன வேற்றுமைக்கு இதுவும் ஒரு சான்று.

தந்தை மகளை நோக்கிச் சிரிக்குமாறு ஆணையிடுகின்றான். சிரித்தறியாத அம்முகம் அதற்கு இணங்கவில்லை. லூசி இரண்டு விரல்களை எடுத்துத் தன் வாயின் இருகடையிலும் வைத்து மேலே உயர்த்துகின்றாள். வாய் நகைக்கின்றது, கண் நகைக்கவில்லை. இச்செயல் தாமே கண்டது என்பார் அம்மையார்.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றுள் ஒன்று நிலைக்களனாதல் வேண்டும். ஈண்டு அவற்றுள் ஒன்றும் இல்லை. உள்ளது தந்தைமேற் கொண்ட அச்சமே. நகையின் குறியை அச்சம் தன் கையாலேயே முகத்தில் எழுதுகின்றது. குறியும் நிலைக்களனும் இவ்வளவு விலகி நின்ற காட்சிகள் அரியன. இதனையே பேசும் படத்தில் அமைத்திருப்பின், 'என்னால் சிரிக்க இயலவில்லை' என்று அச்சிறுமி ஒரு சொல்லேனும் கூறியிருப்பாள். கூறியவுடன் அக்காட்சியின் ஆற்றல் பாதியாகிவிடும். கதையின் இறுதியில், தந்தையின் அடியால் உயிர்நீங்கும் வேளையில், லூசி அவ்விரண்டு விரல்களையும் மீண்டும் வாய்க்கடையில் வைக்கின்றாள். முன்னர் ஆணைக்கு அஞ்சிச் செய்ததனை இப்போது ஆணையின்றியே செய்கின்றாள். அவள் அறிந்த நகை அஃது ஒன்றே.

இப்படத்தின் மற்றொரு காட்சியில், தந்தை கோடரியால் கதவைப் பிளக்க, சிறு அறையுள் அடைபட்ட லூசி வெளியேற வழியின்றிச் சுழல்கின்றாள். ஈண்டு அச்சமும் அதன் நிலைக்களனும் ஒத்துள்ளன. இஃது உணர்ச்சியின் மிகுதியால் பெயர்பெற்ற காட்சி. விரல் நகையோ சிறுமையால் பெயர்பெற்றது. இரண்டும் ஒருவர்க்கே இயன்றமை கருதத்தக்கது.

உடலை உழைப்பிற்கு ஈதல்

1920-இல் வெளிவந்த 'வே டவுன் ஈஸ்ட்' என்னும் படத்தில் அம்மையார் போலித் திருமணத்தால் வஞ்சிக்கப்பட்ட அன்னா என்னும் பெண்ணாக நடித்தார். குழந்தை இறக்க, புகலிடம் கொண்ட வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டு, பனிப்புயலில் அலைந்து, உறைந்த ஆற்றில் மயங்கி வீழ்கின்றாள் அன்னா. பனிக்கட்டி உடைந்து அருவியை நோக்கி மிதக்கின்றது. வெர்மாண்டு மாநிலத்து உண்மையான பனியாற்றில் இதன் பகுதிகள் எடுக்கப்பட்டன. கையும் கூந்தலும் நீரில் தோய்ந்து இழுபடல் வேண்டும் என்று கூறியவர் அம்மையாரே. அதனால் கைவிரல்களுக்கு உற்ற ஊறு வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை என்று அவர் எழுதியுள்ளார்.

1926-இல் கிங் விடார் இயக்கிய 'லா போயம்' படத்தில் காசநோயால் இறக்கும் மிமியாக நடிக்கும் பொருட்டு, மூன்று நாள் நீர்மம் எதுவும் பருகாது வறண்ட உதட்டோடு அவர் வந்தார் என விடார் பின்னாளில் எழுதினார். இத்தகைய செய்திகளை வியப்பிற்காகக் கூறுவர் பலர். நாம் இவற்றில் காண்பது பிறிதொன்று. குரலால் தளர்ச்சியைக் காட்ட இயலாத கலையில், தளர்ந்த உடம்பையே குறியாக்க வேண்டிய நிலை இருந்தது. அதன் விலையை நடிப்பவரின் உடம்பே தந்தது. பெண் நடிகர்பால் இவ்விலை மிகுதியாகப் பெறப்பட்டது என்பதையும் மறத்தல் ஆகாது.

அம்மையார் நடிப்போடு அமைந்தாரும் அல்லர். 1920-இல் 'ரீமாடலிங் ஹெர் ஹஸ்பண்டு' என்னும் படத்தைத் தங்கை டாரதியை நடிக்கச் செய்து தாமே இயக்கினார். அப்படம் இன்று கிடைத்திலது. 1921-இல் வெளிவந்த 'ஆர்பன்ஸ் ஆப் தி ஸ்டார்ம்' படத்தின் பின்னர்க் கிரிபித்தை விட்டுப் பிரிந்து, இத்தாலி நாட்டில் எடுக்கப்பட்ட 'தி ஒயிட் சிஸ்டர்' முதலிய படங்களில் நடித்தார். மெட்ரோ கோல்டுவின் மேயர் நிறுவனத்தில் சேர்ந்த பின்னர்க் கதை, இயக்குநர் ஆகியவற்றைத் தேர்வதிலும் அவர் சொல் செல்வதாயிற்று.

காணப்பட்ட காற்று

அந்நிறுவனத்தில் அவர் விரும்பி எடுப்பித்த படம் 1928-இல் வெளிவந்த 'தி விண்டு' என்பது. 'காற்று' என்று பொருள்படும். டாரதி ஸ்கார்பரோ எழுதிய புதினம் அதற்கு மூலம். இயக்கியவர் சுவீடன் நாட்டு விக்டர் சியோஸ்ட்ரம். வெர்சீனியாவிலிருந்து டெக்சாசு மாநிலத்திற்கு வரும் லெட்டி என்னும் இளம்பெண், ஓயாது வீசும் மணற்காற்றினால் உள்ளம் நிலைகுலைதலே கதை. கலிபோர்னியாவின் மொகாவிப் பாலையில் கடுவெயிலில் எடுக்கப்பட்டது. வானூர்திகளின் சுழலிகளைக் கொண்டு மணலை வீசச் செய்தனர். வெப்பத்தால் கெடாதபடி படச்சுருளைப் பனிக்கட்டியிட்டுக் காத்தனர்.

காற்று கண்ணுக்குப் புலனாகாதது. செவிக்கும் மெய்க்கும் புலனாவது. ஊமைப் படமோ கண்ணுக்கு மட்டும் உரியது. அரங்கில் இசையும் சில ஒலிக்குறிப்பும் உடன் நிகழ்தல் உண்டெனினும், காற்றின் கொடுமையைத் திரையே காட்டல் வேண்டும். அதனை மணல் ஓரளவு காட்டியது. மிகுதியைக் காட்டியது லெட்டியின் முகம். அவள் விழி சாளரத்தை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் காண்போன் காற்றைக் கேட்கின்றான்.

அச்சத்திற்குக் கூறிய நிலைக்களன்களை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். வடகாற்று ஒரு பேய்க்குதிரை எனக் கூறும் செவிவழிக் கதையை லெட்டி கேட்கின்றாள். வானில் வெண்குதிரை பாய்வதாகவும் காண்கின்றாள். ஆங்குக் காற்று அணங்காகவும் விலங்காகவும் ஒருங்கே தோன்றுகின்றது. கணவன் இல்லாத வேளையில் வீட்டினுள் புகுந்து தன்னைக் கெடுத்தவனைச் சுட்டுக் கொன்று அவள் மணலில் புதைக்கின்றாள். காற்று மணலை விலக்கப் பிணம் மெல்ல வெளிப்படுகின்றது. அதனைச் சாளரத்தின் வழியே காணும் விழிகளில் அச்சமும் மருட்கையும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துள்ளன. தனித்தனியே வகுத்த மெய்ப்பாடுகள் ஒன்றனோடொன்று மயங்குவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நாம் கண்டிலம்.

இப்படம் வெளிவந்த காலம் அதற்கு உதவவில்லை. 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்தமையால் மக்கள் உள்ளம் பேசும் படத்தை நாடியது. ஒரு கலை தன் உச்சத்தை எட்டிய வேளையிலேயே பழைமையது எனப்பட்டு ஒதுக்கப்பட்டது.

ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். சொல்லின் துணை வேண்டாத இக்கலை, பொய்யை மெய்யெனக் காட்டவும் வல்லதன்றோ எனின், ஆம் என்றே விடை கூறல் வேண்டும். 1915-இல் கிரிபித் இயக்கிய 'தி பர்த் ஆப் எ நேசன்' அதற்குச் சான்று. அமெரிக்க உள்நாட்டுப் போரையும் அதன் பின்னிகழ்ச்சிகளையும் கூறும் அப்படம், கறுப்பின மக்களை இழித்துக் காட்டி, அவர்களைக் கொடுமை செய்த கூ கிளக்ஸ் கிளான் என்னும் கூட்டத்தாரை வீரர் எனப் போற்றுகின்றது. 1909-இல் தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் அதனை எதிர்த்துப் போராடியது. அழிந்துபோயிருந்த அக்கூட்டம் 1915-இல் ஜார்ஜியாவில் மீண்டும் நிறுவப்பட்டது.

அப்படத்தின் தலைமை நடிகையர்களுள் ஒருவர் கிஷ் அம்மையார். கலப்பினத்தான் எனக் கரிபூசி நடித்த வெள்ளை நடிகன் ஒருவனால் அவர் அச்சுறுத்தப்படும் காட்சியில், அவர் முகத்தில் தோன்றும் அச்சம் குறைவற்றது. ஆயின் அதற்குக் காட்டப்படும் நிலைக்களன் ஓர் இனத்தின்மேல் சுமத்திய பழி. குறி மெய், காரணம் பொய். குறியின் மெய்ம்மையால் காரணத்தின் பொய்ம்மை காண்போர் உள்ளத்தில் மெய்யாகப் பதிந்தது. நடிப்பு எவ்வளவு சிறந்ததோ அவ்வளவு தீங்கு மிகுந்தது.

அம்மையார் இறுதிவரை கிரிபித்தைப் போற்றியே பேசினார். 2019-இல் ஒகையோ மாநிலத்துப் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகம், உடன்பிறந்தார் இருவர் பெயரும் தாங்கியிருந்த தன் படஅரங்கினின்றும் அப்பெயரை நீக்கியது. கறுப்பின மாணவர் எழுப்பிய குரலின் பயன் அது. திரைக்கலைஞர் பலர் அம்முடிவை மறுத்து முறையிட்டனர். ஒரு படத்தைக் கொண்டு எழுபது ஆண்டிற்கு மேற்பட்ட தொழிலை அளத்தல் தகாது என்பது இவர்கள் வாதம். அப்பெயரைக் கண்டு நாள்தோறும் அவ்வழிச் செல்லும் மாணவர்க்கு அந்த ஒரு படமே நினைவில் எழும் என்பது மற்றையோர் வாதம். நம் கருத்து வருமாறு: பெயர்ப்பலகை என்பது பெருமை செய்தல், ஆராய்ச்சி என்பது அறிதல். முன்னதைப் பெறுதற்கு ஒருவர்க்குத் தகுதியுண்டா என்பதில் வேறுபாடு இருக்கலாம். பின்னதைக் கைவிட்டால், கலை எவ்வாறு பொய்க்குத் துணைநின்றது என்பதையும் நாம் கற்கமாட்டோம்.

பேசும் படக் காலம்

1930-இல் 'ஒன் ரொமான்டிக் நைட்' என்னும் முதற் பேசும் படத்தில் நடித்த அம்மையார், பின்னர்ப் பெரும்பாலும் மேடைக்கே திரும்பினார். 1936-இல் நியூயார்க்கில் ஜான் கீல்குட் ஹாம்லெட்டாக நடித்த நாடகத்தில் ஒபிலியாவாக நடித்தார். பேசக் கற்றிலர் என்று ஊமைப்பட நடிகரைப் பற்றிக் கூறும் பொதுக்கூற்று அவர்க்குப் பொருந்தாமை இதனால் பெறப்படும்.

1955-இல் சார்லசு லாப்டன் இயக்கிய 'தி நைட் ஆப் தி ஹண்டர்' படத்தில், அடைக்கலம் புகுந்த குழந்தைகளைக் காக்கும் முதியவளாகத் துப்பாக்கியேந்தி இரவு முழுதும் அமர்ந்திருக்கும் அவர் காட்சி, சொல்லைவிட அமர்வே பேசுவதாகும். 1971-இல் மதிப்புறு ஆஸ்கார் விருதும், 1984-இல் அமெரிக்கப் படக்கலைக் கழகத்தின் வாழ்நாள் விருதும் பெற்றார். 1987-இல் வெளிவந்த 'தி வேல்ஸ் ஆப் ஆகஸ்ட்' அவருடைய இறுதிப் படம். 1993 பிப்ரவரி 27-இல், தம் தொண்ணூற்றொன்பதாம் அகவையில், நியூயார்க்கில் மறைந்தார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஊமைப் படத்தில் சொல் இன்மை குறையன்று. உடம்பின் குறியும் உள்ளத்தின் நிலைக்களனும் முரணுவதைக் காண்போனே உணருமாறு செய்த வாயில் அது. இரண்டாவது, அவ்வாற்றல் நன்மைக்கே உரியதன்று. நிலைக்களன் பொய்யாயின் மெய்ப்பாடு அப்பொய்க்கே துணையாகும். ஆதலின் மெய்ப்பாட்டை ஆராய்வோர் குறியை மட்டும் வியந்து நில்லாது, நிலைக்களனையும் வினவுதல் வேண்டும்.

மூன்றாவது காலத்தைப் பற்றியது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 ஊமை முழுநீளப் படங்களுள் 14 விழுக்காடே தம் முதல் வடிவில் எஞ்சியுள்ளன. ஏட்டுச் சுவடிகளைச் செல்லுக்கு இரையாக்கிய வரலாற்றை அறிந்த நமக்கு இவ்வெண்ணின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மறைந்த நூலுக்கு மேற்கோளேனும் எஞ்சுதல் உண்டு. மறைந்த முகத்திற்கு மேற்கோள் இல்லை. லூசியின் இரண்டு விரல்கள் நமக்குக் கிடைத்தன. அம்மையார் தாமே இயக்கிய படம் கிடைத்திலது. கிடைத்தவற்றைப் பயில்வதோடு அவற்றைக் காத்தலும் ஆராய்வோர் கடனே.